முதல் அரைநாளை எங்களுக்குத் தாருங்கள்: அயல்மொழி ஆசிரியர் பயிற்சியை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அயல்மொழி வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கையாள ஆசிரியர்களைப் பழக்கும் பயிற்சிகளைத் திட்டமிடுவோர், அவற்றுக்கு நிதி ஒதுக்குவோர், அவற்றை நேரில் நின்று நடத்துவோர் ஆகிய முத்தரப்பினருக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன். பல ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பித்து வரும் நான் இத்தகைய பயிற்சிகள் ஒன்பதில் இதுவரை கலந்துகொண்டிருக்கிறேன். ஒன்பதுக்கும் வருகைச் சான்றிதழ் என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அவற்றில் கற்றவற்றுள் இன்றும் என் வகுப்பில் புழக்கத்தில் இருப்பவை எவை என்று அண்மையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் தேறின. அந்த இரண்டும்கூடத் தேநீர் இடைவேளையில் உடன்வந்த ஆசிரியர்கள் சொன்னவை. ஏன் இப்படி நேர்கிறது என்பதை என் அனுபவத்தைக் கொண்டு விளக்கி, குறிப்பான ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கடைசியாக நான் சென்ற பயிற்சி ஒருநாள் பயிற்சி. காலை முழுவதும் ஒரு வினாடிவினாச் செயலி: கணக்குத் தொடங்குவது, மறந்த கடவுச்சொல்லை மீட்பது, ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வண்ணங்களில் நான்கு விடைகளை அமைப்பது, கடிகாரத்தை ஓடவிடுவது. பிற்பகலில் இன்னொரு செயலி, அதே வரிசை. பயிற்சியாளர் பொறுமைசாலி, இணையம் இரண்டுமுறை நின்றபோதும் முகம் சுளிக்கவில்லை. என் பக்கத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து, "எல்லாம் சரிதான் சார். தாய்மொழியில் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசும் என் பிள்ளைகள், வினை கடைசியிலேயே வர வேண்டிய ஜெர்மன் துணைவாக்கியத்தில் மட்டும் அதைக் கொண்டுபோய் நடுவில் சொருகுகிறார்கள். ஆங்கிலம் குறுக்கே வருகிறது என்று நினைக்கிறேன். இந்தச் செயலி அதற்கு எப்படி உதவும்?" என்று கேட்டார். பயிற்சியாளர் சற்று யோசித்து, "அது உங்கள் பாடம் சார்ந்த விஷயம். கருவியை நான் காட்டுகிறேன், பாடத்தில் எப்படிப் பொருத்துவது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. நாங்கள் அனைவரும் அப்படியே பழகிவிட்டோம்.

அந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதுதான் பயிற்சி என்பது என் துணிபு. மற்றதெல்லாம் செயலியோடு வரும் உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது.

இந்தப் பிழை புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை ஏவியதையடுத்து, அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, அயல்மொழிக் கல்விக்கும் அதற்கான கருவிகளுக்கும் பெருந்தொகையை ஒதுக்கியது. பள்ளிதோறும் மொழி ஆய்வகங்கள் முளைத்தன. தடுப்பு வைத்த சிறு மேசைகள், தலையில் மாட்டும் காதொலிப்பான்கள், நாடா ஒலிப்பதிவுக் கருவிகள். கேட்பது, திருப்பிச் சொல்வது, மறுபடி கேட்பது. சில ஆண்டுகளிலேயே ஏமாற்றம் தலைகாட்டியது. 1963இல் வெளிவந்த ரேமண்ட் கீட்டிங்கின் ஆய்வு, ஆய்வகம் இல்லாமல் படித்த மாணவர்கள் பல இடங்களில் பின்தங்கிவிடவில்லை என்று காட்டியபோது, அதன் ஆய்வுமுறை குறித்துப் பெரும் சச்சரவு எழுந்தது. ஆனால் 1960களின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவில் நடந்த விரிவான ஒப்பீடும், வாரம் இருமுறை பயன்படுத்திய ஆய்வகத்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் எதையும் காணவில்லை. அந்த மேசைகளில் ஒலி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. மாணவர் சொன்னதற்கு மறுமொழி சொல்லத்தான் ஆளில்லை. ஆசிரியர் தம் இருக்கையிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு மாணவரைத்தான் ஒட்டுக்கேட்க முடியும். கேட்டபின் என்ன செய்வது என்பதை அவருக்கு எவரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

இன்று உங்களிடம் ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தகவல்தொடர்புத் தொழில்நுட்பத் திறன் சட்டகத்தில் 18 திறன்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட சட்டகத்தில் 22. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் அவை எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்து எங்களுக்குப் பயிற்சி அட்டவணையாக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மற்றப் பாடங்களுக்கு மொழி ஒரு வண்டி. எங்கள் பாடத்திலோ வண்டியும் அதுவே, சரக்கும் அதுவே. இயற்பியல் ஆசிரியர் ஒரு காணொளியைக் காட்டினால் மாணவர்கள் விளக்கத்தைக் கேட்டுக் கருத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதே காணொளியைப் பிரெஞ்சில் நான் காட்டினால், எந்த நொடியில் நிறுத்துவது, வசன வரிகளைக் காட்டுவதா மறைப்பதா, காட்டினால் எந்த மொழியில், முதல்முறையா மூன்றாம் முறையா என்பவை ஒவ்வொன்றும் தனித்தனி முடிவுகள். ஒவ்வொரு முடிவும் மாணவர் எதைக் கற்பார் என்பதையே மாற்றிவிடும்.

பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலக்கும் இடத்தில் தனியொரு அறிவு பிறக்கிறது என்று கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அதனோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்து, மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடமே ஆசிரியருக்குத் தேவையானது என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் மூன்று வட்டங்கள் கொண்ட படத்தால் விளக்கினார்கள். அந்த மூன்று வட்டப் படத்தை நீங்கள் நடத்தும் ஏறக்குறைய எல்லாப் பயிற்சிகளிலும் திரையில் பார்த்திருக்கிறேன். படம் மறைந்ததும் கடவுச்சொல்லுக்குப் போய்விடுகிறோம். மொழி ஆசிரியர்களுக்கென்றே ரெகினே ஹாம்பலும் உர்சுலா ஸ்டிக்லரும் 2005இல் ஏழு தட்டுகள் கொண்ட ஒரு பிரமிடை வரைந்தார்கள். கணினியை இயக்கத் தெரிவது அதன் அடித்தட்டு; குறிப்பிட்ட மென்பொருளை அறிவது அடுத்தது; கருவியால் எது முடியும், எது முடியாது என்று உணர்வது மூன்றாவது; கற்போரிடையே உறவை வளர்ப்பது, பேசவைப்பது, தேர்ந்தெடுத்துப் படைப்பது என மேலே ஏறி, உச்சியில் ஆசிரியர் தமக்கென ஒரு பாணியை அடைகிறார். என் ஒன்பது சான்றிதழ்களும் முதல் இரண்டு தட்டுகளுக்குத்தான்.

மூன்றாவது தட்டு எப்படிப்பட்டது என்பதற்கு என் வகுப்பிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சில் 'தெஸ்யு' என்றால் மேலே. 'தெஸு' என்றால் கீழே. வேறுபாடு ஓர் உயிரொலிதான். முதல் சொல்லுக்கு நாக்கை 'ஈ' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோல் குவிக்க வேண்டும். அந்த ஒலியைத் தமிழில் எழுதிக்காட்டவே வழியில்லை. மாணவர்களை இருவர் இருவராக முதுகுக்கு முதுகு உட்காரவைத்து, ஒருவர் கையில் மேசையும் பந்தும் பெட்டியும் உள்ள படத்தைக் கொடுத்து, மற்றவரை வெற்றுத்தாளில் வரையச் சொன்னேன். பேச்சை அவர்களுடைய கைபேசியே பதிவு செய்தது. ஒரு பையன் பந்தை மேசைக்கு மேலே வைக்கச் சொல்லியிருக்கிறான். வரைந்தவள் அதை மேசைக்கடியில் போட்டிருக்கிறாள். "நான் சரியாகத்தான் சொன்னேன்" என்று அவன் சண்டைக்குப் போனான். பதிவைப் போட்டுக் கேட்டார்கள். மூன்றாம் முறை கேட்டபோது அவன் முகம் மாறியது. நான் வாய் திறக்கவே இல்லை. காற்றோடு போய்விடும் ஓர் ஒலியை அவன் திரும்பக் கேட்கும்படி பிடித்துவைத்ததுதான் கைபேசி செய்த ஒரே வேலை, அது போதுமானதாகவும் இருந்தது.

அடுத்த வாரம், பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றை அதே வேலைக்குப் பயன்படுத்தினேன். அவன் பழைய தவற்றோடு முழு வாக்கியத்தைச் சொன்னான்; செயலி சரியான சொல்லையே எழுதிக்காட்டியது. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு ஏன் என்று புரியவில்லை. இத்தகைய செயலிகள் காதில் விழுந்த ஒலியை மட்டும் எழுதுவதில்லை, சூழலில் எந்தச் சொல் வரக்கூடும் என்பதையும் கணித்து எழுதுகின்றன என்பதைப் பின்னர் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதாவது, வாக்கியம் பொருத்தமாக இருந்தால் ஒலிப்பிழையை அது பெருந்தன்மையோடு மன்னித்துவிடும். பேசுபவரின் உச்சரிப்புச் சாயல் அதற்குப் பழக்கமில்லாததாக இருந்தால், சரியாகச் சொன்னதையும் தவறென்று காட்டும். தனிச்சொற்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்தலாம், அதுவும் எச்சரிக்கையோடு. முழு வாக்கியத்தில் ஒலியைச் சோதிக்க அது உதவாது. இந்த ஒரு செய்தியை அரைமணி நேரச் செய்முறையாகக் கூடத்தில் காட்டியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒலிப்பதிவைப் பற்றி இன்னொன்று. வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி, 30 நொடிப் பதிவு ஒன்றை அனுப்புவதற்கு முன் 11 முறை திரும்பத் திரும்பப் பேசியதாகச் சொன்னாள். அந்த 11 முறையும் அவள் பிரெஞ்சு பேசியிருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய லாபம். ஆனால் 35 பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் அனுப்பினால், ஒருமுறை கேட்டு முடிக்கவே 70 நிமிடம் ஆகும். குறிப்பு எழுதுவது தனி. முதல் பருவத்தில் எல்லாவற்றையும் கேட்டு எல்லாப் பிழைகளையும் குறித்தேன். இரண்டாம் பருவத்தில் பதிவுகள் என்றாலே வயிற்றைக் கலக்கியது. இப்போது வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் கேட்கிறேன், அந்த வாரம் கற்ற ஒரே ஒரு மொழிக்கூறுக்காக மட்டும் கேட்கிறேன். இந்தக் கணக்கை ஆசிரியர்களோடு உட்கார்ந்து போடாமல் "மாணவர்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்" என்று அறிவுரை சொல்வது, சமைக்கச் சொல்லிவிட்டு அடுப்பைக் கொடுக்காமல் போவதற்கு ஒப்பாகும். (பிள்ளைகளின் குரல் அவர்களுடைய தனிப்பட்ட தகவல் என்பதும், அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் அழிப்பது என்பதும் நீங்கள் எழுத்துமூலம் தெளிவாக்க வேண்டியவை.)

தொலைவிலுள்ள வகுப்போடு காணொளியில் இணைவது பயிற்சிகளில் எப்போதும் கைதட்டல் வாங்கும் பகுதி. நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். இரு பக்கமும் கையசைத்தார்கள், பெயர் சொன்னார்கள், பிறகு நெடிய மௌனம். பேசுவதற்குக் காரணம் எதையும் நான் கொடுத்திருக்கவில்லை. 1997இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'குல்த்யுரா' திட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான் என் தவறு விளங்கியது. அதில் அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே வினாப் பட்டியலுக்கு விடையளித்தார்கள். இரு தரப்பு விடைகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டபோது, ஒரே பொருளுடையதாகத் தோன்றும் சொல்லுக்கு இரு சமூகங்களும் எவ்வளவு வேறுபட்ட எண்ணங்களைச் சேர்த்திருந்தன என்பது கண்முன் நின்றது. அதன்பின் கேட்பதற்கும் விளக்குவதற்கும் அவர்களிடம் ஏராளமாக இருந்தது. அந்த உரையாடலில் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே எழுதினார்கள், எவரும் தாழ்ந்து நிற்க நேரவில்லை. தொழில்நுட்பம் என்று பார்த்தால் ஓர் எளிய இணையப் பக்கம்தான். அதன் பின்னாலிருந்த பாடச் சிந்தனைதான் பெரிது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் இன்று எந்தப் பயிற்சியும் முடிவதில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தபின், எங்களுக்கு வந்த அமர்வுகள் இரண்டு வகை: வினாத்தாளை நொடியில் தயாரிப்பது எப்படி, மாணவர் இயந்திரத்தைக் கொண்டு எழுதியதைக் கண்டுபிடிப்பது எப்படி. இரண்டாவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அத்தகைய கண்டறி கருவியொன்றை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தம் கைப்பட எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறித்தன. சொல்வளம் குறைவாக, வாக்கியம் எளிமையாக இருப்பதே அதற்குக் காரணம். எங்கள் மாணவர்கள் அனைவரும் அப்படித்தான் எழுதுவார்கள். அயல்மொழி கற்பவர் என்பதன் பொருளே அதுதானே.

மாறாக, இயந்திர மொழிபெயர்ப்பையே பாடமாக எடுக்கலாம். "நீங்கள் எப்போது வந்தீர்கள்?", "நீ எப்போது வந்தாய்?" என்ற இரண்டையும், ஆங்கிலத்தை இடைவழியாகக் கொள்ளும் ஒரு கருவியில் பிரெஞ்சுக்கு மாற்றச் சொன்னேன். பிரெஞ்சில் 'வூ' (நீங்கள்), 'தியு' (நீ) என்று மரியாதை வேறுபாடு நம்முடையதைப் போலவே உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. போகிற வழியில் அந்த வேறுபாடு ஆங்கிலத்தில் உதிர்ந்துவிட்டது. பாட்டியையும் தோழனையும் ஒரே சொல்லால் அழைத்த விடையைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு அரைமணி நேரம், யாரை எப்போது எப்படி அழைப்பது என்று அவர்களாகவே வாதிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் கருவியைப் பயன்படுத்தியதை மறைக்கும் வழக்கம் அதன்பின் என் வகுப்பில் குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இவற்றையெல்லாம் நானே தட்டுத்தடுமாறிக் கற்றேன் என்பதில் பெருமையில்லை. உங்களிடம் நான் கேட்பவை சில.

பயிற்சியைச் செயலியின் பெயரால் அறிவிக்காமல் பாடத்தின் இடர்ப்பாட்டின் பெயரால் அறிவியுங்கள். "துணைவாக்கியத்தில் வினையின் இடம்" என்றோ "காதில் பிரித்தறிய முடியாத ஒலிகள்" என்றோ தலைப்பு இருந்தால், எந்தக் கருவி தேவை, அல்லது கருவியே தேவையில்லையா என்பது தானாக முடிவாகும். கருவி வேண்டாம் என்று முடிவெடுக்கும் ஆசிரியரைப் பின்தங்கியவராகக் குறிக்காதீர்கள். தொழில்நுட்பம் பேனாவையும் புத்தகத்தையும் போல எவர் கண்ணிலும் படாமல் இயல்பாகிவிடுவதே இலக்கு என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் பாக்ஸ் 2003இல் எழுதினார். பேனாவை எடுக்காத வகுப்பு நேரங்களும் உண்டு.

பயிற்சி நாளோடு பயிற்சியை முடிக்காதீர்கள். ஆசிரியர் பயிற்சி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலிருந்து வலியுறுத்தி வந்தது இதுதான்: விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் வகுப்பறைக்குள் வந்து சேர்வது அரிது, ஆசிரியர் தம் வகுப்பில் செய்து பார்க்கும்போது உடனிருந்து வழிகாட்டுவோர் இருந்தால்தான் அது நிலைக்கும். ஆறு செயலிகளை ஒரே நாளில் காட்டும் பணத்தில், ஒரு செயலியைக் காட்டிவிட்டு, மூன்று மாதங்களில் இருமுறை ஒவ்வொருவரின் வகுப்பையும் சக ஆசிரியர் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். அதற்கான நேரம் கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். ஓய்வுநேரத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நடக்காது. வருகைச் சான்றிதழுக்குப் பதில், பத்து நிமிட வகுப்புப் பதிவு ஒன்றையும், அதில் எது சரிவரவில்லை என்று ஆசிரியரே எழுதிய ஒரு பக்கத்தையும் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையான வேண்டுகோளை இறுதியில் வைக்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் ஐந்து மொழி ஆசிரியர்கள், எங்களில் எவருக்கும் தெரியாத சீன மாண்டரினை ஒரு முற்பகல் மட்டும் கற்றுப் பார்த்தோம். 'மா' என்ற ஓரசைக்கு நான்கு சுருதிகள். சுருதிக்கேற்ப அது அம்மா, சணல், குதிரை, திட்டு எனப் பொருள் மாறும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'ப்ராட்' என்னும் இலவச மென்பொருளில் பேசிப் பதிவு செய்தால், குரலின் ஏற்ற இறக்கம் திரையில் கோடாக விழும். மூன்றாம் சுருதிக்குக் கோடு இறங்கி ஏற வேண்டும். என் கோடு இறங்கியது, ஏறவே இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் மற்றவர்கள் முன்னால் பதிவு செய்ய மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்னொருவர், மதிப்பெண் தரும் வேறொரு செயலியில் பேசி, திரையில் மதிப்பெண் வந்ததும் கணினியை மூடிவிட்டார். அவர்தான் மறுநாள் தம் வகுப்பில், மதிப்பெண் காட்டும் வசதியை அணைத்துவிட்டு அதே பயிற்சியைக் கொடுத்தவர்.

ஆகவே, அடுத்த பயிற்சியின் நிகழ்ச்சிநிரலை அச்சுக்கு அனுப்பும் முன், முதல் அரைநாளை எங்களுக்குத் தாருங்கள். அறையில் எவருக்கும் தெரியாத ஒரு மொழியை, நீங்கள் பரிந்துரைக்கப்போகும் அதே கருவியைக் கொண்டு நாங்கள் கற்கிறோம். பயிற்சியாளரும் எங்களோடு மாணவராக உட்காரட்டும். பிற்பகலில், அந்த ஜெர்மன் ஆசிரியரின் கேள்வியை முதலாவதாக எடுத்துக்கொள்ளலாம். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஏற்பாடு செய்தால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
பிரெஞ்சு மொழி ஆசிரியை ஒருவர்